அவருக்குத்தான் ஏற்கெனவே பிள்ளை இருக்கிறதே!

குடும்ப நலம் பற்றி வானொலியில் பேசும் நாள்களில், நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் குரல் பதிவுகள்தான் கனமானவை. இங்கிலாந்தில் குடியேறிவிட்ட சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் ஒருவர், இணையத்தில் எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு அனுப்பியது அப்படி ஒன்று. வயது 34. கணவருக்கு இது இரண்டாம் திருமணம். முதல் திருமணத்தில் ஒரு மகள். தாயுடன் வேறு ஊரில் வளர்கிறாள், பள்ளி விடுமுறைக்கு வந்துபோவாள். இவருக்கோ கருக்குழாய் இரண்டிலும் அடைப்பு. அரசு செலவில் செயற்கைக் கருத்தரிப்புக்கு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள்.

“என் உடம்புல பிரச்சினை இல்லைன்னு அவங்க சொல்லலக்கா. அவருக்குப் பிள்ளை இருக்கு, அதனால எனக்குக் கிடையாதுங்கிறாங்க.”

கல்யாண வீட்டுப் பந்தியில் நம் அத்தைமார் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் வாக்கியம் இது. அதையே அரசாங்கக் கடிதத்தில் படிக்க நேர்ந்தால் எப்படி இருக்கும்!

விவரம் தேடிப் பார்த்தேன். 40 வயதுக்குக் குறைந்த பெண் 2 ஆண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் 3 முழுச் சுற்றுச் சிகிச்சை தரலாம் என்று, அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான ‘நைஸ்’ 2013ல் பரிந்துரைத்தது. ஆனால் அது பரிந்துரைதான். பணத்தைக் கையில் வைத்திருப்பவை வட்டாரச் சுகாதார வாரியங்கள். 2022ல் இங்கிலாந்து முழுவதையும் 42 வாரியங்களாகப் பிரித்தார்கள். அவை தங்கள் பங்குக்கு நிபந்தனைகள் போடுகின்றன. தம்பதியரில் யாராவது ஒருவருக்கு உயிருடன் பிள்ளை இருந்தாலும் சிகிச்சை இல்லை என்பது பல வட்டாரங்களில் உள்ள விதி. தத்துப்பிள்ளையும் கணக்கில் சேரும். அந்தப் பிள்ளை இவர்களோடு வசிக்கவேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்து வட்டாரத்தில் வேறு விதி இருக்கலாம். முகவரியைப் பொறுத்த லாட்டரி என்று அங்குள்ளவர்களே அலுத்துக்கொள்கிறார்கள். விதிவிலக்கு கேட்டு மனுப் போடலாம்தான். ஆனால் மற்ற நோயாளிகளிடமிருந்து உங்கள் மருத்துவ நிலை எப்படி வேறுபடுகிறது என்று காட்டவேண்டும். ‘எனக்கென்று ஒரு குழந்தை இல்லை’ என்பது அங்கே எடுபடாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது அதே இங்கிலாந்தில். 1978 ஜூலை 25, ஓல்டம் நகர மருத்துவமனை, லூயிஸ் பிரவுன். தாய் லெஸ்லிக்குக் கருக்குழாய் அடைப்பு. தந்தை ஜானுக்கோ முந்தைய மண வாழ்க்கையில் ஏற்கெனவே ஒரு மகள்! இன்றைய விதியின்படி, பல வட்டாரங்களில் அந்தத் தம்பதி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள்.

பணம் குறைவு, பிள்ளையே இல்லாதவர்களுக்கு முதலிடம் என்ற வாதம் எனக்குப் புரியாமல் இல்லை. வரிசை என்று வந்துவிட்டால் யாரோ பின்னால் நிற்கத்தான் வேண்டும். ஆனால் பின்னால் நில் என்பது வேறு, வரிசையிலேயே நிற்காதே என்பது வேறு. பிள்ளை பெறாத ஒரு பெண்ணைக் கணவரின் கடந்த காலத்தை வைத்துத் தாய் என்று கணக்கெழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சிறுமியையும் நினைத்துப் பாருங்கள். சித்தி அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிடுகிறார். அவளுடைய பெயரோ, சித்திக்குச் சிகிச்சை மறுக்கப்பட்ட காரணமாக ஒரு படிவத்தில் நிற்கிறது. என்றைக்காவது அவளுக்கு அது தெரியவந்தால்?

வேறு வழியில்லை என்றும் சொல்லமுடியாது. ஸ்காட்லாந்து 2016ல் விதியை மாற்றியது. தம்பதியரில் ஒருவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லையென்றால் போதும், விண்ணப்பிக்கலாம்.

சரி, நம் ஊரில்? சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983ல் பிறந்தது. அந்தக் குழுவை வழிநடத்தியவர் இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம். இன்று கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை ஆகிய மூன்றிலும் அரசாங்கம் செலவைப் பகிர்ந்துகொள்கிறது. கணவன், மனைவி இருவரும் குடிமக்கள் என்றால் 75 விழுக்காடு வரை; ஒரு புதிய சுற்றுக்கு உச்சவரம்பு 7,700 வெள்ளி. 3 புதிய சுற்றுகள், உறைந்த கரு வைத்து 3 சுற்றுகள். முந்தைய மணத்துப் பிள்ளை இருப்பதால் மறுப்பு என்ற நிபந்தனை இங்கே இல்லை.

அதற்காக நாம் கோடே போடவில்லை என்று நினைத்துவிடவேண்டாம். வேறு இடங்களில் போட்டிருக்கிறோம். திருமணச் சான்றிதழ் கட்டாயம். துணை நிரந்தரவாசி என்றால் ஆதரவு 55 விழுக்காடாகக் குறைகிறது. வெளிநாட்டவர் என்றால் 35தான். தமிழ்நாட்டிலிருந்து பெண் எடுத்தவர்கள், மாப்பிள்ளை எடுத்தவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மறுமணத் தம்பதியரை இங்கே உண்மையில் இடறுவது வயதுதான். சுற்று தொடங்கும்போது மனைவிக்கு 40 வயது ஆகியிருக்கக்கூடாது. அதற்கு முன்பே சிகிச்சையைத் தொடங்கியவர்களுக்கு மட்டும், ஆறில் இரண்டு சுற்றுகளை 40க்குப் பிறகும் செய்துகொள்ள 2020 முதல் வழி உண்டு. மணமுறிவு, அதன் வழக்கு, மனம் ஆறும் காலம், பிறகு இன்னொரு திருமணம் என்று வரும்போதே 37, 38 ஆகிவிடுகிறது. ‘இரண்டு வருஷம் போகட்டும், மூத்த பிள்ளை முதலில் பழகட்டும்’ என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அந்த இரண்டு வருஷத்துக்குள் ஒருமுறை மருத்துவரைப் பார்த்து, பரிசோதனைகளையாவது முடித்துவைத்துவிடுங்கள். மீதிச் செலவுக்கு மெடிசேவிலிருந்து முதல் சுற்றுக்கு 6,000, இரண்டாவதற்கு 5,000, அதன் பிறகு சுற்றுக்கு 4,000 வெள்ளி எடுக்கலாம். வாழ்நாள் வரம்பு 15,000 வெள்ளி. முதல் மணத்தில் இதே சிகிச்சைக்கு ஏற்கெனவே எடுத்திருந்தால், அந்த வரம்பில் எவ்வளவு மிச்சம் என்பதை மருத்துவமனைக்குப் போகும் முன்பே கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.