உயிரணுவின் வாயில்

கொழுப்பு என்னும் சொல் தமிழில் இருபொருள் தந்து நிற்கிறது. உடலில் சேரும் நெய்ப்பொருளையும் அது குறிக்கும். உள்ளத்தில் ஏறும் செருக்கையும் குறிக்கும். இரண்டிலும் மிகுதியே குற்றம். இன்று குருதி ஆய்வுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “நல்ல கொழுப்பு எவ்வளவு?” என்று வினவாத குடும்பம் அரிது. அவ்வினாவிற்கு வெறும் எண்ணை விடையாகக் கொள்ளலாமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கொலஸ்டிரால் நமக்குப் பகைப்பொருள் அன்று. அஃது இன்றேல் உயிரணுவின் சவ்வு உறுதி பெறாது. பித்த அமிலங்களும் பாலியல் இயக்குநீர்களும் உருவாகா. ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் உயிரணுக்கள் கொலஸ்டிராலை ஆக்க வல்லவை. அதன் வளையங்களைச் சிதைத்து அழிக்க வல்லவை அல்ல. மிஞ்சியதைக் கல்லீரலுக்கு அனுப்பியாக வேண்டும். கல்லீரலே அதனைப் பித்தநீர் வழியாகக் குடலில் சேர்க்கிறது. ஆனால் கொழுப்பு நீரில் கரையாது. குருதியோ நீர்த்தன்மை உடையது. ஆதலின் ஓர் ஊர்தி தேவைப்படுகிறது.

அவ்வூர்திக்கு அடிப்படையாவது கல்லீரலும் சிறுகுடலும் ஆக்கும் ‘அப்போ ஏ-1’ என்னும் புரதம். 243 அமினோ அமிலங்களாலான இது, ஏறத்தாழ வெறுமையாகவே புறப்படுகிறது. உயிரணுவின் சவ்விலோ ‘ஏ.பி.சி.ஏ-1’ என்னும் மற்றொரு புரதம் வாயில் போல் அமைந்துள்ளது. ஆற்றலைச் செலவிட்டு, பாஸ்போலிப்பிடுகளையும் கொலஸ்டிராலையும் இவ்வாயில் வெளியே தருகிறது. வந்த புரதம் அவற்றை ஏற்றுத் தட்டு வடிவத் துகளாகிறது. பின்னர் ‘எல்கேட்’ என்னும் நொதி கொலஸ்டிராலைக் கொழுப்பமிலத்தோடு பிணைக்க, அது துகளின் நடுவே ஒதுங்குகிறது, தட்டு உருண்டையாகிறது. இதுவே முதிர்ந்த ‘எச்.டி.எல்.’ என்னும் அடர்மிகு கொழுப்புப் புரதம். உயிரணுவினுள் கொலஸ்டிரால் மிகுந்தால், அவ்வுயிரணுவே இத்தகைய வாயில்களைக் கூடுதலாக ஆக்கிக்கொள்கிறது என்பது வியப்புக்குரியது.

வாயில் அடைபட்டால் என்னாகும்? அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சார்ந்த செசபீக் விரிகுடாவில் டாஞ்சியர் என்றொரு சிறு தீவு உண்டு. (இப்னு பதூதா பிறந்த மொராக்கோ நகரம் வேறு.) அத்தீவைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கும் அவன் உடன்பிறந்தாளுக்கும் தொண்டையின் டான்சில் சதைகள் ஆரஞ்சு நிறத்தில் பருத்திருந்தன. குருதியில் எச்.டி.எல். ஏறத்தாழ இல்லை. 1961-இல் டொனால்ட் பிரெட்ரிக்சன் குழுவினர் இந்நோயை விளக்கினர். தீவின் பெயரே நோயின் பெயராயிற்று. வெளியேற வழியின்றி, கழிவை விழுங்கும் வெள்ளணுக்களில் கொலஸ்டிரால் தேங்கியதே அந்நிறத்திற்குக் காரணம். ஏ.பி.சி.ஏ-1 மரபணுவின் பழுதே இதற்கு மூலம் என்பதை 1999-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. தமனிச் சுவரிலும் இவ்வெள்ளணுக்கள் உண்டு. அங்குக் கொழுப்புத் தேங்குதலே மாரடைப்பிற்கு வித்தாகிறது.

எனின், எச்.டி.எல். அளவை மருந்தால் உயர்த்தினால் போதாதா? இவ்வெண்ணம் இயல்பானதே. துகளிலிருந்து கொலஸ்டிரால் பிற துகள்களுக்கு மாறுவதைத் தடுத்து அளவை உயர்த்தும் டார்செட்ராபிப் என்னும் மருந்தின் ஆய்வு, உட்கொண்டோரிடையே இறப்பு மிகுந்ததால் 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அம்மருந்து இரத்த அழுத்தத்தையும் உயர்த்தியது. 2012-இல் நிறுத்தப்பட்ட டால்செட்ராபிப் ஆய்விலும் அளவு உயர்ந்தது, மாரடைப்போ குறையவில்லை.

இதனால் நாம் அறிவது யாது? தெருவில் நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை, ஏற்றிச் சென்ற சுமையின் அளவைக் காட்டாது. எச்.டி.எல். குறைந்திருப்பது எச்சரிக்கையே, மிகுந்திருப்பது காப்புறுதி அன்று. “நல்ல கொழுப்பு நிறைய இருக்கிறது” என்று மகிழ்ந்து புகையையும் மிகையுணவையும் தொடர்வோர், கெட்ட கொழுப்பையும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மறந்துவிடலாகாது. மருத்துவர் தந்த மருந்தைத் தாமே நிறுத்துதலும் தகாது.

தேவைக்குக் கொண்டு, மிஞ்சியதை விடுவிக்கும் உயிரணுவே நலமுற வாழ்கிறது. சேர்ப்பதில் மட்டும் கருத்தூன்றும் மாந்தர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு.