ஒரு சொல்லும் ஓர் எழுத்தும்: ஆரியுஸ் கொள்கையில் கலைச்சொற் சிக்கல்

கி.பி. நான்காம் நூற்றாண்டில் கிறித்தவத் திருச்சபையைப் பெரிதும் பிளவுபடுத்திய கொள்கை ஆரியுஸ் கொள்கையாகும். மூவொரு கடவுள் கோட்பாட்டில் மகனுக்குரிய நிலை யாது என்னும் வினாவிலிருந்து அது தோன்றியது. சுருக்கமான திருச்சபை வரலாறுகள் இதனைப் 'பதிதம்' என்றோ 'தப்பறை' என்றோ சுட்டி, 325ஆம் ஆண்டு நிசேயாப் பொதுச்சங்கம் அதனைக் கண்டித்தது என்பதோடு நிறுத்திக்கொள்வதுண்டு. ஆயின், கண்டனத்திற்குப் பின்னரும் பூசல் 381 வரை, அதாவது மேலும் 56 ஆண்டுகள் நீடித்தது ஏன்? அரசியலும் ஆயர்களின் பகைமையும் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், இரு சாராரும் கையாண்ட சொற்களுக்கு வரையறுத்த பொருள் அன்று இல்லாமையும் அவற்றிற்கு இணையான காரணம் என்பதே நம் கருத்து. கலைச்சொற்களோடு நாள்தோறும் போராடும் தமிழாசிரியர்க்கு இவ்வரலாறு அயலானதன்று.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். 'ஆரியுஸ்' என்பது ஒருவரின் இயற்பெயர். தமிழ்நாட்டு அரசியலிலும் மொழியாராய்ச்சியிலும் வழங்கும் 'ஆரியர்' என்னும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே 'ஆரியக் கொள்கை' என்னாது 'ஆரியுஸ் கொள்கை' என்று இங்கு எழுதுகிறோம்.

ஆரியுஸ் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் பௌக்காலிஸ் என்னும் கோயிலில் பணியாற்றிய குரு. 318ஆம் ஆண்டையொட்டித் தம் ஆயராகிய அலெக்சாந்தரோடு அவர் முரண்பட்டார். கடவுள் ஒருவரே; அவர் தோற்றமில்லாதவர்; பிறப்பிக்கப்பட்ட மகனுக்கோ தொடக்கமுண்டு; ஆகவே மகன், காலத்திற்கு முன்னரே தந்தையின் விருப்பத்தால் இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்ட முதற்படைப்பு; ஏனைய படைப்பெல்லாம் அவர் வழியாக வந்தன என்பது அவர் கொள்கை. இதனைக் கிறிஸ்துவை இழிவுபடுத்தும் முயற்சியாகக் காண்பது பொருந்தாது. ஒரு கடவுட் கொள்கையைக் காப்பதே ஆரியுஸின் நோக்கம். தந்தையின் பொருளில் ஒரு கூறு பிரிந்து மகனாயிற்று எனின், கடவுள் பிளவுபடும் பொருளாகிவிடுவார். ஒருவரே மூன்று வேடங்களில் தோன்றினார் எனின், அது முன்னரே மறுக்கப்பட்டிருந்த சபெல்லியுஸின் கொள்கையாகிவிடும். இவ்விரண்டிற்கும் தப்பவே அவர் மூன்றாம் வழியொன்றை நாடினார்.

அவ்வழியில் முதல் இடறலே சொல்லில்தான் நேர்ந்தது. கிரேக்கத்தில் 'அகென்னேத்தோஸ்' என்பது பிறப்பிக்கப்படாதது எனவும், 'அகெனேத்தோஸ்' என்பது உண்டாகாதது எனவும் பொருள்படும். முன்னதில் இரண்டு னகர மெய், பின்னதில் ஒன்று. அக்காலம் வரை எழுதியோர் இவ்விரண்டையும் பெரும்பாலும் வேறுபடுத்தாமலே வழங்கினர். பிறப்பித்தலும் உண்டாக்கலும் ஒன்றெனக் கொண்டால், பிறப்பிக்கப்பட்ட மகன் உண்டாக்கப்பட்டவரே என்னும் முடிவு தானே வந்துவிடும். பிறத்தல் வேறு, படைக்கப்படுதல் வேறு என்று நிசேயா அறிக்கை வலியுறுத்த நேர்ந்தது இதனாலேயே.

மற்றோர் இடறல் மொழிபெயர்ப்பில் உள்ளது. நீதிமொழிகள் நூலின் 8ஆம் அதிகாரம் 22ஆம் வசனத்தில் ஞானம் தன்னைப் பற்றிப் பேசுகிறது. அந்த ஞானம் கிறிஸ்துவே என்பது இரு தரப்புக்கும் உடன்பாடு. எபிரேய மூலத்திலுள்ள 'கானா' என்னும் வினை 'உடைமையாகக் கொள்' எனவும் 'உண்டாக்கு' எனவும் பொருள்படக்கூடியது. கிரேக்க மொழிபெயர்ப்போ ஐயத்திற்கு இடமின்றிப் 'படைத்தார்' என்றது. ஆரியுஸ் சார்பினர்க்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. எதிர்த்தரப்பின் அத்தனாசியுஸ்கூட இச்சொல்லை மறுக்கவில்லை. அது மகன் மனிதவுடல் எடுத்ததைக் குறிக்கும் என்றே விளக்கினார். தமிழிலும் இவ்விரு பொருளும் உள்ளன. சீர்திருத்தச் சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு 'கொண்டிருந்தார்' என்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் 'படைத்தார்' என்கிறது. வகுப்பில் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் நான்காம் நூற்றாண்டுப் பூசலின் வேர் மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

ஆரியுஸின் எழுத்துகளாக நமக்குக் கிட்டுவன மிகச் சில: கடிதங்கள் மூன்று, 'தாலியா' என்னும் செய்யுள் நூலின் சிதறிய பகுதிகள். அந்நூற் பகுதிகளும் அத்தனாசியுஸ் மறுப்பதற்காக எடுத்துக்காட்டியமையால் எஞ்சியவை. ஆரியுஸின் நூல்களை எரிக்குமாறு பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆணையிட்டிருந்தார். குண்டலகேசியை அதன் மறுப்பாக எழுந்த நீலகேசியின் உரை வழியே தேடும் நமக்கு இந்நிலை புதிதன்று. எதிரி தேர்ந்தெடுத்த பகுதியைக் கொண்டு ஒருவரை அளக்கும்போது எச்சரிக்கை வேண்டும்.

அத்தனாசியுஸின் எதிர்வாதத்தையும் எளிதாகத் தள்ளிவிட இயலாது. மகன் படைப்புப் பொருளாயின், படைப்பைக் கடவுளோடு இணைக்கும் ஆற்றல் அவருக்கு எங்ஙனம் வரும்? அவரை வழிபடுவோர் படைப்பை வழிபடுவோர் ஆகாரோ? அவர் பெயரால் பெறும் திருமுழுக்கின் பயன் யாது? ஒரு பக்கம் கடவுளின் ஒருமை. மறுபக்கம் மனிதரின் மீட்பு. இரண்டும் கைவிடத்தக்கவை அல்ல.

325இல் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயாச் சங்கத்திற்கு வந்த ஆயர்கள் 318 பேர் என்பது மரபு. 250க்கும் 300க்கும் இடைப்பட்ட தொகை என்பது ஆய்வாளர் கணிப்பு. மகன் தந்தையோடு 'ஹோமோஊசியோஸ்', அதாவது 'ஒரே பொருளினர்' என்று அச்சங்கம் அறிவித்தது. ஆரியுஸ் சார்பினர் எவ்வகையிலும் ஏற்கவியலாத சொல் என்பதே அது தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு முதன்மைக் காரணம். அச்சொல் மறைநூலில் இல்லை. மேலும், 268இல் அந்தியோக்கியாவில் சமொசாத்தா நகரப் பவுலைக் கண்டித்த ஆயர்கள் இதே சொல்லை ஏற்கத்தகாதது எனத் தள்ளியிருந்தனர். இவற்றோடு, அறிக்கையின் இறுதியிலுள்ள கண்டனப் பகுதி 'ஊசியா', 'ஹிப்போஸ்டாசிஸ்' என்னும் இரு சொற்களையும் ஒருபொருட் பன்மொழி போலவே ஆண்டது. இதன் விளைவு பின்னரே தெரிந்தது.

லிபியாவைச் சேர்ந்த ஆயர் இருவரே இறுதிவரை ஒப்பமிட மறுத்து ஆரியுஸோடு நாடுகடத்தப்பட்டனர். ஆனால் காற்று விரைவில் திசைமாறியது. கான்ஸ்டன்டைனே ஆரியுஸைத் திரும்ப அழைத்தார். 337இல் இறக்கும் தறுவாயில் ஆரியுஸின் ஆதரவாளரான நிக்கோமேதியா யூசேபியுஸிடமே திருமுழுக்குப் பெற்றார். அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். 357இல் சிர்மியத்தில் கூடிய ஆயர்கள் 'ஊசியா' என்னும் சொல்லையே விலக்கினர். மற்றொரு சாரார் 'ஹோமோய்ஊசியோஸ்', அதாவது 'ஒத்த பொருளினர்' என்றனர். இவ்விரு சொற்களுக்கும் வேறுபாடு 'இயோட்டா' என்னும் ஓரெழுத்தே. ஓரெழுத்துக்காக உலகமே சண்டையிட்டது என நகையாடுவோர் உளர். எழுத்து மாறப் பொருள் மாறும் என்பதைக் கற்பிக்கும் நாம் அந்நகைப்பில் பங்குகொள்வதற்கில்லை.

நம் நோக்கில் இவ்வரலாற்றின் உயிர்நிலை 325 அன்று, 362 ஆகும். அவ்வாண்டு அலெக்சாந்திரியாவில் அத்தனாசியுஸ் ஒரு சிறிய ஆயர் கூட்டத்தைக் கூட்டினார். அந்தியோக்கியாவில் ஒரு குழுவினர் கடவுளில் மூன்று ஹிப்போஸ்டாசிஸ் என்றனர். மற்றொரு குழுவினர் ஒரே ஹிப்போஸ்டாசிஸ் என்றனர். முதற்குழுவினரை நோக்கி, ஆரியுஸ் சார்பினரைப் போல ஒன்றுக்கொன்று அயலான மூன்றைக் கூறுகிறீர்களா என வினவினர். இல்லை, தந்தையும் மகனும் ஆவியும் உண்மையாகவே உளர் என்பதைக் குறிக்கவே அவ்வாறு கூறுகிறோம் என்றனர் அவர்கள். மற்றவரை நோக்கி, சபெல்லியுஸைப் போல மூவரின் வேறுபாட்டை அழிக்கிறீர்களா என வினவினர். இல்லை, ஹிப்போஸ்டாசிஸ் என்பதை ஊசியாவின் பொருளில் ஆள்கிறோம் என்றனர் அவர்கள். இரு சாராரும் மற்றவர் விளக்கத்தை ஏற்றனர். எதிரெதிர்த் தொடர்களைச் சொன்னோர் ஒரே கருத்தினர் என்பது வெளிப்பட்டது. அந்தியோக்கியாவின் பிளவு இதனால் உடனே ஆறிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இலத்தீன் மொழியாளர்க்கு இடர் இன்னும் மிகுதி. 'ஹிப்போஸ்டாசிஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கீழ் நிற்பது' எனப்படும். இலத்தீனின் 'சப்ஸ்டான்சியா'வும் அதுவே. ஆகவே மூன்று ஹிப்போஸ்டாசிஸ் என்றது அவர்கள் செவியில் மூன்று கடவுளர் என ஒலித்தது. சிரியாவின் பாலைநிலத்தில் தங்கியிருந்த ஜெரோம், அவ்வாறு சொல்லலாமா எனப் பாப்பரசர் தமாசுவிடம் எழுதிக் கேட்டார்.

இரு சொற்களுக்கும் வெவ்வேறு பணியைப் பிரித்தளித்தோர் பசீலியுசும், கிரகோரி எனப் பெயர்கொண்ட இருவருமாகிய கப்பதோக்கியச் சிந்தனையாளர். பொதுமையைச் சுட்ட ஊசியா. தனிமையைச் சுட்ட ஹிப்போஸ்டாசிஸ். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் நிசேயா நம்பிக்கையை உறுதிப்படுத்தியது. பேரரசின் எல்லையில் கோத்தியரிடையே ஆரியுஸ் சார்புக் கிறித்தவம் மேலும் இரு நூற்றாண்டுகள் வாழ்ந்தது. ஸ்பெயினின் விசிகோத்தியர் 589இல் தொலேதோவில்தான் அதனைக் கைவிட்டனர்.

தமிழில் ஹிப்போஸ்டாசிஸ் 'ஆள்' ஆயிற்று. ஹோமோஊசியோஸ் என்பதற்குக் கத்தோலிக்கர் 'ஒரே பொருள்' என்பர்; சீர்திருத்தச் சபையினர் 'ஒரே தன்மை' என வழங்குவர். முன்னது ஒன்றேயான உள்பொருளைச் சுட்டும். பின்னதை ஓரினத்தைச் சேர்ந்த இரு பொருள்களுக்கும் கூறலாம். நிசேயாவின் ஆயர்கள் இவ்விரண்டனுள் எதனைக் கருதினர் என்பது இன்றும் ஆய்வாளரிடையே முடிவுபெறாத வினாவாகும்.