கேலிச் சித்திரமும் நமது சட்டமும்

2005 செப்டம்பர் 30இல் டென்மார்க்கின் ‘யூலன்ட்ஸ் போஸ்டன்’ பத்திரிகை, நபி (ஸல்) அவர்களைக் குறித்த 12 சித்திரங்களை வெளியிட்டது. அந்த வேதனை எனக்கும் உண்டு. ஆனாலும், “இப்படியானவங்கள உள்ள போடுறத்துக்குச் சட்டம் வேணும்” என்று நம்மவர் சொல்லும்போது நான் கேட்பது இதுதான்: அந்தச் சட்டம் யார்ட கையில இருக்கும்?

நம் நாட்டில் அப்படியொன்று இருக்கிறது: 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம். பாகுபாட்டுக்கோ வன்முறைக்கோ தூண்டும் மத வெறுப்பையே அதன் 3ஆம் பிரிவு தடுக்கிறது. மனம் புண்பட்டது என்பது மட்டும் அதில் குற்றமல்ல. நடைமுறையோ வேறு. 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, ஒரு சிறுகதைக்காக, பிக்குகளின் முறைப்பாட்டில் கைதானார். நான்கு மாதம் சிறையிருந்தார். அடுத்த மாதம் ஹஸலகவில், உடையிலிருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்தார்கள். சிலாவத்துறைக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ கவிதை நூலை முன்வைத்து 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது 2023 டிசம்பரில்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நமக்கு, ஆளைத் துரத்தும் சொல்லுக்கும் மனதை நோகடிக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் விளங்கும். முதலாவதைச் சட்டம் தடுக்கட்டும். இரண்டாவதற்குக் குர்ஆன் (4:140) வழி சொல்கிறது: கேலி செய்வோர் பேச்சை மாற்றும்வரை அவர்களோடு உட்காராதீர்கள். எழுந்து போகச் சொல்கிறதே தவிர, ஆளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லவில்லை.