ஒரு நண்பர் போதும்: கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளின் நட்புலகம்

கவனக்குறைபாடு உள்ள பதின்பருவப் பிள்ளையைப் பற்றிப் பேச்சு எழும்போது, மதிப்பெண்களே முதலில் முன்வருகின்றன. பாதியில் நின்ற வீட்டுப்பாடம், மாதம் ஒருமுறை தொலையும் ஜியாமெட்ரி பாக்ஸ், தேர்வில் படிக்காமல் விடுபட்ட கடைசி வினா ஆகியவை பெற்றோரின் கண்ணுக்கு எளிதில் தென்படுகின்றன. பிள்ளையை உள்ளூர வாட்டுவது பெரும்பாலும் வேறொன்று. வகுப்பில் பலரும் சென்ற பிறந்தநாள் விருந்துக்குத் தனக்கு அழைப்பு வரவில்லை. மதிய உணவு வேளையில் யாருக்கு அருகில் அமர்வது என்று தெரியவில்லை. மதிப்பெண் குறைந்தால் ஆசிரியர் தெரிவித்துவிடுவார். தனிமையைப் பற்றிச் சொல்ல வேண்டிய பிள்ளையோ வாய் திறப்பதில்லை.

ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நிலை மூளை வளர்ச்சி தொடர்பானது. இது வளர்ப்பின் குறையன்று. பிள்ளையின் திமிரும் அன்று. 1902ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், அறிவுத்திறன் குறையாத, ஆனால் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத சிறுவர்களைப் பற்றி லண்டனில் உரையாற்றியிருக்கிறார். 2007இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, இப்பிள்ளைகளின் மூளைப் புறணி முதிர்ச்சியடைவது ஏறத்தாழ 3 ஆண்டுகள் தாமதமாகிறது என்று கண்டது. அதற்காக 14 வயதுப் பிள்ளையை 11 வயதுப் பிள்ளையாகவே நடத்த வேண்டும் என்று வாய்ப்பாடு வகுத்துவிட முடியாது. எனினும், ‘இவ்வளவு வளர்ந்தும் இப்படியா?’ என்ற கேள்வியைக் கேட்கும் முன் சற்று நிதானிக்க இந்த உண்மை உதவும். பெண்பிள்ளைகளிடம் இக்குறைபாடு துறுதுறுப்பாக வெளிப்படாமல், பகற்கனவு போன்ற மௌனமாகவே இருந்துவிடுவதும் உண்டு. அவர்களை ‘கூச்ச சுபாவம்’ என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம்.

‘பிறர் பேசும்போது குறுக்கே பேசலாமா?’ என்று இப்பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ‘கூடாது’ என்ற சரியான விடை உடனே வரும். அடுத்த பத்தாவது நிமிடத்தில் அவனே குறுக்கே பேசுவான். தெரியாததால் தவறுவதில்லை, தெரிந்ததைச் செய்ய வேண்டிய கணத்தில் செய்ய இயலாததால்தான் தவறுகிறான். ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் நெடுங்காலமாக வலியுறுத்தி வரும் கருத்து இது. சமூகத்திறன் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும், அத்தகைய வகுப்புகளால் குறிப்பிடத்தக்க பயன் விளைந்ததற்கான சான்று மிகக் குறைவு என்றே முடிவு கூறியது. பெரும் கட்டணம் செலுத்தி ‘ஆளுமை வளர்ச்சி’ முகாமில் பிள்ளையைச் சேர்க்க எண்ணும் பெற்றோர் இதை மனத்தில் கொள்வது நல்லது. உதவி, சிக்கல் எழும் இடத்திலேயே கிடைக்க வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் நம் வீட்டுக் கூடமும் குடியிருப்பின் விளையாட்டுத் திடலும்தான்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான ‘பியர்ஸ்’ என்ற திட்டம், முதலில் ஆட்டிசம் உள்ள பதின்பருவத்தினருக்காக அமைக்கப்பட்டு, பின்னர் கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கும் விரிவடைந்தது. பிள்ளைகளுடன் பெற்றோருக்கும் அதில் வகுப்பு உண்டு. நண்பரை வீட்டுக்கு அழைத்துப் பழகுவது அதன் பாடங்களில் முக்கியமானது. நம் இல்லங்களிலும் இதை எளிதாகச் செய்யலாம். செய்யும் முறையில்தான் நுட்பம் இருக்கிறது.

ஐந்து பேரை அழைக்க வேண்டாம், ஒருவர் போதும். வகுப்பின் நாயகனாக விளங்கும் மாணவனைவிட, ஏதேனும் ஒரு விருப்பத்தில் நம் பிள்ளையோடு ஒத்துப்போகும் அமைதியான ஒருவனே ஏற்றவன். ‘வந்து ஏதாவது விளையாடுங்கள்’ என்று விட்டுவிடாமல், என்ன செய்யப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். கேரம் ஆடுவதானால் இருவர் ஆடட்டும். நால்வர் ஆடினால் தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரம் நீளும். காத்திருப்பதுதான் இப்பிள்ளைக்குக் கடினம். சேர்ந்து பஜ்ஜி போடுவது, மிதிவண்டிச் சங்கிலியைச் சரிசெய்வது போன்ற கைவேலைகள் இன்னும் நல்லவை. பேச்சு தடைபட்டாலும் வேலை தொடரும். ஒன்றரை மணி நேரம் போதுமானது. மகிழ்ச்சி குன்றுவதற்கு முன்பே சந்திப்பு முடிந்துவிட்டால், அந்த நண்பன் மறுமுறையும் வருவான்.

நண்பன் வருவதற்குச் சற்று முன், ஒரே ஒரு இலக்கைப் பிள்ளையுடன் பேசிக்கொள்ளுங்கள். ‘இன்று அவன் சொல்லும் கதையை முடிக்கவிடுவேன்’ என்பது போன்ற ஒன்று. ஐந்து அறிவுரைகளை அடுக்கினால் ஐந்தும் மறந்துபோகும். நண்பனின் முன்னிலையில் திருத்தவே கூடாது. காதைத் தொடுவது போன்ற, இருவருக்கு மட்டும் தெரிந்த சைகை ஒன்றை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். அவன் சென்ற பிறகு, முதலில் நன்றாக நடந்ததையே கேளுங்கள். தவறியதைப் பற்றிய பேச்சு, பிள்ளை தானே தொடங்கினால் போதும்.

பள்ளியில் ஏற்கெனவே படிந்துவிட்ட பெயர் ஒரு பெருந்தடை. முன்பின் அறியாத சிறுவர்களைக் கோடை முகாமில் ஒன்றுசேர்த்து 1990களில் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வில், கவனக்குறைபாடு உள்ள சிறுவர்களைப் பற்றிய வெறுப்பு முதல் நாளிலேயே உருவாகிவிட்டது தெரியவந்தது. ஒருமுறை படிந்த பெயர், பிள்ளை மாறிய பின்னும் எளிதில் மாறுவதில்லை. ஆகவே பழைய பெயர் எட்டாத ஓரிடம் தேவை. நீச்சல் குளம், மிருதங்க வகுப்பு, என்.சி.சி. என எதுவாகவும் அது இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் தெளிவான பணி இருக்கும் இடமே சிறந்தது. உறவினர் திருமணத்தில் ஓயாமல் ஓடித் திட்டு வாங்கும் பிள்ளையிடம், பந்தியில் தண்ணீர் பரிமாறும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். அதே ஓட்டம் அங்கே பாராட்டைப் பெறும்.

கைபேசி தனிக் கவலை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கோபத்தில் அனுப்பிய ஒரு வரியை அழித்துவிடலாம். அதற்குள் யாரேனும் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதை அழிக்க இயலாது. கோபமாக எழுதியதைப் பத்து நிமிடம் கழித்துப் படித்துவிட்டு அனுப்புவது என்ற ஒரே விதி, பல நட்புகளைக் காப்பாற்றும்.

பணமும் இங்கே வருகிறது. நட்பு நிலைக்க வேண்டும் என்ற ஏக்கத்தில், நண்பர்கள் அனைவருக்கும் தானே செலவு செய்யும் பிள்ளைகள் உண்டு. கண்டிப்பதைவிட, வாரத்துக்கு ஒரு தொகையை வரையறுத்து அதற்குள் முடிவெடுக்கப் பழக்குவது மேல். 10 வயது நிரம்பிய சிறார், வங்கிகள் வகுக்கும் வரம்புகளுக்கு உட்பட்டு, தாமே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பாஸ்புக்கைப் பதிவு செய்யப் பிள்ளையைக் கிளைக்கு அழைத்துச் சென்று, நீங்கள் சற்றுத் தள்ளி அமர்ந்துகொள்ளுங்கள். வரிசையில் நிற்பதும், முகம் பார்த்து வணக்கம் சொல்வதும், தேவையைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும் அங்கே சில நிமிடங்களில் அமைந்துவிடும் இயல்பான பயிற்சி.

இவை எவையும் மருத்துவ ஆலோசனைக்கு மாற்றல்ல. மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். மருந்து கவனத்தை நிலைப்படுத்த உதவலாம். நண்பரைத் தேடித் தராது. மனநோய்க்கான சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு நிகரான காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. உங்கள் பாலிசியில் வெளிநோயாளி ஆலோசனைக் கட்டணம் அடங்குமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்னரே கேட்டறிவது நல்லது. யாரிடம் தொடங்குவது என்று தயங்குவோர், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண்ணான 14416ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.