மூக்குப்பேணியும் ஸ்டான்லி குவளையும்

அச்சுவேலி உள்ளிட்ட யாழ்ப்பாணத்து ஊர்களில் முன்னர் பரவலாகப் புழங்கிய மூக்குப்பேணி, உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென ஒரு பக்கத்தில் மூக்குப் போன்ற குழல் அமைத்த பித்தளைப் பாத்திரமாகும். குடிக்கும் கலம் அந்தஸ்தின் அடையாளமாவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஒடுக்கப்பட்டோருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் ஊற்றிய கடைகளுக்கு எதிராக 1960களில் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது.

கலம் அந்தஸ்தாவது இப்போது வேறு வடிவில் தொடர்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் 2016இல் வெளியிட்ட, ஏறத்தாழ 1.2 லீற்றர் கொள்ளும் குவென்சர் குவளை, இரட்டைச் சுவர்களுக்கிடையே காற்றை அகற்றி வெப்பம் கடப்பதைத் தடுக்கும் வெற்றிடக் காப்பு முறையில் அமைந்தது. தொடக்கத்தில் விற்பனை மந்தமாயிருந்த இப்பாத்திரம், சமூக ஊடகப் பரிந்துரைகளாலும் குறுகிய காலத்துக்கு மட்டும் விற்கப்பட்ட புதிய நிறங்களாலும் சேகரிப்புப் பொருளாக மாறியது. 2023 நவம்பரில், எரிந்த காருக்குள் பனிக்கட்டி உருகாமலிருந்த குவளையைக் காட்டிய டிக்டொக் காணொளி கோடிக்கணக்கானோரைச் சென்றடைய, நிறுவனம் அதை வெளியிட்ட பெண்ணுக்குப் புதிய காரே வாங்கிக் கொடுத்தது. விளம்பரச் செலவாகப் பார்த்தால் அது மலிவுதான். வெற்றிடத்தை அடைக்கும் அடிப்பகுதியில் ஈயம் உண்டென்றும், உருக்கு மூடி கழன்றாலன்றி அது வெளிப்படாதென்றும் 2024 ஜனவரியில் நிறுவனம் விளக்க நேர்ந்தது.

ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் கோப்பைகளை இலங்கை 2023 ஒக்டோபரில் தடைசெய்தது. கழிவைக் குறைக்கும் அந்த நோக்கத்துக்கு நெடுங்காலம் புழங்கும் ஒரே குவளை உதவும். நிறத்துக்கொன்றாக அலுமாரியில் அடுக்கப்படும் பத்துக் குவளைகள் உதவமாட்டா.