“நல்லாத்தானுங்க இருந்தாரு!”

சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர், வயது 46. வலது கையும் காலும் விழுந்து, வாய் கோணிய நிலையில் மகன் தூக்கிவந்தார். விடியற்காலை 4 மணிக்கே கை மரத்திருக்கிறது. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டார்கள். என்னிடம் வந்தபோது மணி 11. மூளையின் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பிரஷர் 210/120. மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்று கேட்டேன். “எட்டு மாசமாச்சுங்க. நல்லாத்தானுங்க இருந்தாரு, அப்புறம் எதுக்குன்னு உட்டுட்டாருங்க” என்றார் மனைவி.

இந்த வாரம் இதே பதிலை மூன்று வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

தலை சுற்றினால்தான் பிரஷரா?

இல்லவே இல்லை. 180 இருக்கும்போதும் தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவர்கள் உண்டு. பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. இதயமும் சிறுநீரகமும் கண்ணும் மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே வரும். மாத்திரை சாப்பிட்டு 120/80-க்கு வந்தால், மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

கேட்டுச் சலித்த கதைகள்

“மாத்திரை கிட்னியைக் கெடுத்துருமுங்க” என்கிறார்கள். கட்டுக்கடங்காத பிரஷர்தான் கிட்னியைக் கெடுக்கிறது. அப்படிக் கெட்டு டயாலிசிஸுக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முருங்கைக்கீரையும் பூண்டும் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு அவற்றை நம்பாதீர்கள். இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடுவதைக் கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது. அவருடைய உடம்பு வேறு, உங்களுடையது வேறு.

இதைவிடக் கொடுமை வலி மாத்திரை. இரவெல்லாம் தறியில் நின்ற கால்வலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோபினாக் வாங்கி, மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். அது பிரஷரை ஏற்றும். பிரஷர் மாத்திரை பிடிக்காமலும் செய்யும். சிறுநீரகத்துக்கும் ஆகாது.

சோதனை

காபி, பீடி ஆகி அரை மணி நேரம் கழித்து, 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் 140/90-ஐத் தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம்.

வாசலுக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நம் ஊர்களிலும் நடக்கிறது. பிரஷர் பார்த்து, மாத்திரையையும் வீட்டிலேயே கொடுக்கிறார்கள். “எங்க ஊட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லீங்” என்று கதவைச் சாத்திவிடாதீர்கள், தயவுசெய்து. 30 வயது தாண்டிய எல்லோரும் கையை நீட்டுங்கள். ஷிப்டில் இருக்கிற மகனையும் ஒருநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

உப்பு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவுதான். ஊறுகாய், அப்பளம், பேக்கரி மிக்சர் எல்லாம் அதற்குள் அடக்கம். முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ எலுமிச்சையைத் தேடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.