ஆடாமல் விட்ட இறுதிப் போட்டி

டென்னிஸ் பணக்காரர் விளையாட்டு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் உண்டு என்று காட்டுவது சென்னை விஜய் அமிர்தராஜின் ஆட்ட வாழ்க்கை. அவர் வென்ற ஆட்டங்களும் தோற்ற ஆட்டங்களும் ஏராளம். ஆனால் பிழைப்பு தேடி ஊர் விட்டு வந்திருக்கும் நாம் மறக்கக் கூடாதது, அவர் ஆடாமலே விட்ட ஓர் இறுதிப் போட்டியைத்தான்.

1953 டிசம்பர் 14-ல் பிறந்த விஜய், சிறு வயதில் நுரையீரல் கோளாறால் அடிக்கடி படுத்துக் கிடந்தவர். அப்படிப்பட்ட பிள்ளைதான் பின்னாளில் உலகம் சுற்றும் ஆட்டக்காரர் ஆனார். அண்ணன் ஆனந்தும் தம்பி அசோக்கும்கூட டென்னிஸ் வீரர்களே.

1973-ல் விஜய்க்கு வயது 19. விம்பிள்டன் காலிறுதியில் செக்கோஸ்லோவாகியாவின் யான் கோடஷிடம் ஐந்தாவது செட்டில் 5-7 என்று தோற்றார். அந்தக் கோடஷ்தான் அவ்வாண்டு சாம்பியன். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் மாவீரர் ராட் லேவரையே வீழ்த்தினார். மறு ஆண்டு அங்கேயே போர்க்கையும் தோற்கடித்தார்.

அந்த 1974-ல்தான் டேவிஸ் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. கல்கத்தா சவுத் கிளப் புல்தரையில் ஆஸ்திரேலியாவை இந்தியா 3-2 என்று வென்றது. அந்த ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து ஆடப்பட்டவை 327 கேம்கள்! டேவிஸ் கோப்பைச் சரித்திரத்தில் அது சாதனை. விஜய், ஆனந்த் சகோதரர்கள் வென்ற இரட்டையர் ஆட்டம் மட்டும் 99 கேம்கள். அடுத்து பூனாவில் சோவியத் அணியை 3-1 என்று தோற்கடித்ததும், மீதி இருந்தது இறுதிப் போட்டி ஒன்றுதான்.

எதிரே வந்து நின்றது தென்னாப்பிரிக்கா.

அந்நாட்டில் கறுப்பர்களை மனிதராகவே மதிக்காத நிறவெறி ஆட்சி நடந்தது. அந்த அவமானத்தில் நம்மவர்களுக்கும் பங்கு இருந்தது. 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் முதல் கூலித் தொழிலாளர்கள் டர்பனில் போய் இறங்கினார்கள். நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அந்தத் தமிழர், தெலுங்கர்களின் சந்ததிகள், இனம் பார்த்து ஒதுக்கிய பகுதிகளில்தான் குடியிருக்க வேண்டியிருந்தது. 1946-லேயே அந்நாட்டோடு வர்த்தக உறவை முறித்துக்கொண்ட இந்தியா, 1974-ல் அவர்களோடு பந்தாட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் தென்னாப்பிரிக்கா கோப்பையை எடுத்துக்கொண்டது.

ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முடிவு எடுத்தது நாடு, விலை கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள். விஜய்க்கு அப்போது வயது இருபதுதான். இன்னொரு வாய்ப்பு வரும் என்று யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்?

வாய்ப்பு வந்தது, பதின்மூன்று ஆண்டு கழித்து. அதற்குள் விம்பிள்டனில் 1979-ல் போர்க்கை வெளியேற்றும் நிலைக்குக் கொண்டுபோய்க் கோட்டை விட்டார். 1981 காலிறுதியில் கானர்ஸை இரண்டு செட் முந்தியும் தோற்றார். 1984-ல் மெக்கன்ரோ ஆண்டு முழுவதும் தோற்றது மூன்றே ஆட்டங்கள். அதில் ஒன்று சின்சினாட்டியில் விஜயிடம்.

1987-ல் ரமேஷ் கிருஷ்ணனோடு சேர்ந்து சிட்னியில் ஆஸ்திரேலியாவை வென்று இந்தியா மறுபடி டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. ஸ்வீடனின் கோதென்பர்க்கில் களிமண் தரையில் 0-5 என்று தோற்றது. விஜய்க்கு அப்போது வயது 34. டேவிஸ் கோப்பை இந்தியாவுக்குக் கிடைக்கவே இல்லை.

1993-ல் விஜய் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தாரும் வாக்களித்து நிறவெறி ஆட்சிக்கு முடிவு கட்டினார்கள். 2024-ல் சர்வதேச டென்னிஸ் புகழ் மன்றத்தில் விஜய்க்கு இடம் கிடைத்தது. அவர் சென்னையில் நடத்திய பயிற்சித் திட்டத்தில் வளர்ந்த லியாண்டர் பயஸும் அன்று உடன் சேர்க்கப்பட்டார்.

அவர்கள் கப்பலேறிப் போனார்கள், நாம் ரயிலேறி வந்தோம். வெளியூரில் இருப்பவனுக்கு ஓர் அவமானம் என்றால், ஊரில் இருப்பவர்கள் கேட்பார்களா என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. 1974-ல் கேட்டார்கள். அதற்காக விட்டுக்கொடுத்த கோப்பை, வென்ற கோப்பைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.